ஹாம் ரேடியோ: கனெக்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாமே!

2018 கஜா புயல் நினைவிருக்கா? புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் செல்போனும் ஊமையானது. அப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது ஹாம் ரேடியோ. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத், வெளியுலகுக்குத் தகவல் அனுப்பியது இதில்தான்.

லைசென்ஸ், ரேடியோ, ஆன்டெனா என ஆசையாகச் சேர்ப்பவர்கள், கேபிள் முனையில் மாட்டும் கனெக்டரை மட்டும் இருப்பதிலேயே சீப்பாக வாங்குவார்கள். சிக்கலே அங்கேதான்!

பொன்னமராவதி மாதிரி ஊர்களில் சட்டெனக் கிடைப்பது டி.வி கேபிள். அது 75 ஓம். உங்க ரேடியோவுக்கு வேண்டியது 50 ஓம் கேபிள், ஆர்.ஜி-58 அல்லது ஆர்.ஜி-213.

கனெக்டரில் பி.எல்-259 எச்.எஃப்-க்கு தாராளம், 144 மெகாஹெர்ட்ஸிலும் சமாளிக்கும். 430-க்குப் போறீங்கன்னா 'என்' டைப் வாங்குங்க. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் மழைநீரையும் தடுக்கும்.

வாங்கும்போது நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியைப் பாருங்க. டெஃப்லான் என்றால் சால்டரிங் சூட்டைத் தாங்கும். மட்டமான பிளாஸ்டிக் உருகி, நடு பின் சரிந்துவிடும். பளபள நிக்கல் பூச்சில் ஈயம் லேசில் ஒட்டாது. வெள்ளிப் பூச்சில் நன்றாக ஒட்டும். (வெள்ளி கறுத்தால் பதறாதீங்க, வேலை செய்யும்.)

மொட்டைமாடி முனையில் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் இறுக்கிச் சுற்றுங்க. தண்ணீர் இறங்கினால் உள்ளே பின்னல் கம்பி பச்சை பிடித்து, கேபிளே காலி. ஆன்டெனாவில் மாட்டும் முன்பு, கேபிளின் மறுமுனையையும் கழற்றிவிட்டு, நடு பின்னுக்கும் உறைக்கும் ஷார்ட் இருக்கா என மல்டிமீட்டரில் பார்த்துடுங்க. அப்புறம் மைக்கை எடுக்கலாம்.