பிசிஎன்ஏ ஆன்டிபாடி: ஒளிர்ந்தா மட்டும் போதுமா?

ஒரு செல் இரண்டாகப் பிரியணும்னா, முதல்ல தன் டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுத்தாகணும். மனித செல்லில் அது சுமார் 600 கோடி எழுத்துகள். நகல் எடுப்பது டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதி. ஆனா அதைத் தனியா விட்டா, கொஞ்ச தூரத்திலேயே டிஎன்ஏவை விட்டுக் கழன்றுவிடும். கழலாமல் பிடித்து வைக்கிறதுதான் பிசிஎன்ஏ புரதம். ஒரே மாதிரியான மூன்று புரதங்கள் சேர்ந்து ஒரு வளையமாகி டிஎன்ஏவைச் சுற்றிக்கொள்ளும். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லணும்னா, ஷாஃப்ட் மேல வழுக்கி ஓடுற காலர் மாதிரி.

ஆன்டிபாடிதான் முதல்ல வந்தது

பொதுவா புரதத்தைக் கண்டுபிடிச்ச பிறகுதான் அதுக்கு ஆன்டிபாடி செய்வாங்க. இங்கே கதை தலைகீழ். லூபஸ் என்ற நோயில் உடம்பு தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாக்கும். 1978-ல் சில லூபஸ் நோயாளிகளின் சீரத்தை செல்கள் மேல் போட்டுப் பார்த்தபோது, பெருகிக்கொண்டிருந்த செல்களின் உட்கரு மட்டும் ஒளிர்ந்தது. அதை வெச்சுத்தான் 'பெருகும் செல்லின் உட்கரு ஆன்டிஜென்' என்று பெயர். அதன் ஆங்கிலச் சுருக்கமே பிசிஎன்ஏ. அது பாலிமரேஸுக்குத் துணை நிற்கும் புரதம் என்று 1987-ல்தான் தெரிஞ்சது.

இப்போ லேப்களில் அதிகம் புழங்குவது பிசி10 என்ற எலி மோனோகுளோனல் ஆன்டிபாடி. இந்தப் புரதம் உயிரினத்துக்கு உயிரினம் பெரிசா மாறாததால, மனித செல், எலி செல் இரண்டிலும் அதே குப்பி வேலை செய்யும்.

பேண்ட் தப்பான இடத்திலா?

வெஸ்டர்ன் பிளாட் செய்றீங்கன்னு வெச்சுக்குங்க. பிசிஎன்ஏவில் 261 அமினோ அமிலங்கள். கணக்குப்படி எடை சுமார் 29 கிலோடால்டன். ஆனா பேண்ட் 36 பக்கத்தில் வரும். பதறாதீங்க, அது சரியான இடம்தான். அமிலத்தன்மை கூடுதலான புரதங்கள் ஜெல்லில் மெதுவா ஓடுறதுண்டு.

உண்மையான சிக்கல்

'செல் ஒளிருது, அப்போ டிஎன்ஏ நகல் ஆகுது'ன்னு முடிவு கட்டுவதுதான் ஆபத்து. ஆன்டிபாடி சொல்றது 'பிசிஎன்ஏ இங்கே இருக்கு' என்பதை மட்டும்தான். பிரியுறதை நிறுத்திய செல்லிலும் இந்தப் புரதம் பல மணி நேரம் தங்கும். டிஎன்ஏ பழுது பார்க்கும் இடத்துக்கும் இதே வளையம் போகும்.

செல்லை எப்படி நிலைப்படுத்துறீங்க என்பதும் முடிவை மாற்றும். மெத்தனாலில் போட்டா, உட்கருவில் சும்மா மிதக்கும் பிசிஎன்ஏ பெரும்பாலும் போயிடும். டிஎன்ஏவோட ஒட்டியிருப்பது மட்டும் புள்ளி புள்ளியா தெரியும். ஃபார்மால்டிஹைடில் போட்டா மிதப்பதும் மாட்டிக்கும், அதனால அதிக செல்கள் ஒளிரும். அதே குப்பி, அதே செல், ரெண்டு விதமான பதில்!

இது மார்க் பிரச்சினை மட்டும் இல்லீங்க. புற்றுநோய்க் கட்டி எவ்வளவு வேகமா வளருதுன்னு பார்க்க 1990-களில் பிசி10-ஐ நிறைய பயன்படுத்தினாங்க. திசு ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை மாறியது. இப்போ நோயியல் லேப்களில் அந்த வேலைக்குப் பெரும்பாலும் கேஐ-67 என்ற வேறொரு புரதத்தைத்தான் பார்க்கிறாங்க.

நீங்க செய்ய வேண்டியது

- முதல் ஆன்டிபாடி போடாத ஒரு ஸ்லைடு கட்டாயம் வையுங்க. அதுவும் ஒளிர்ந்தா, தப்பு இரண்டாவது ஆன்டிபாடியில்.
- பிரியாத செல்களையும் பக்கத்தில் வெச்சு ஒப்பிடுங்க.
- நகல் நடக்குதான்னு நேரடியா தெரியணும்னா, புது டிஎன்ஏவுக்குள்ளேயே போய்ச் சேரும் ஈடியு சோதனையும் செய்யுங்க.
- ரிப்போர்ட்டில் குளோன் பெயர், எத்தனை மடங்கு நீர்த்தது, எதில் நிலைப்படுத்தியது, மூன்றையும் எழுதுங்க. அது இல்லைன்னா உங்க ஜூனியர் அதே சோதனையைச் செய்து வேற பதில் வாங்குவார், ஏன்னு யாருக்கும் புரியாது.