எண்களில் வாழ்வு – 6: சராசரிக்குள் மறைந்த மலையகம்

கடந்த வாரம் சைமன் குஸ்நெட்ஸின் கதையைப் பார்த்தோம். 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நாட்டு வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் அவர். இந்தத் தொகையை வைத்து மக்களின் நல்வாழ்வை எடைபோட முடியாது என்று அதே அறிக்கையில் எச்சரித்தவரும் அவரே. உலகம் தொகையை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது. அதன்பின் நாற்பது ஆண்டுகள், எந்த நாடு முன்னேறியிருக்கிறது என்று கேட்டால் தனிநபர் வருமானத்தைத்தான் காட்டினார்கள்.

அந்தப் பதில் போதாது என்று உலகுக்குக் காட்டிய நாடுகளில் முக்கியமானது இலங்கை.

1970-களில் வாஷிங்டனில் மோரிஸ் டேவிட் மோரிஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் ஒரு புதிய அளவுகோலை உருவாக்கினார். பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களின் வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். எத்தனை மருத்துவமனைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று எண்ணுவதை அவர் ஒதுக்கினார். மருத்துவமனை இருந்தும் குழந்தை பிழைக்கவில்லை என்றால் அந்தக் கட்டடத்தால் என்ன பயன்? ஆகவே விளைவுகளை மட்டுமே எடுத்துக்கொண்டார். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் எத்தனை பேர்? ஒரு வயதைக் கடந்த குழந்தை இன்னும் எத்தனை ஆண்டு வாழும்? மக்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை சதவீதம்? ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, மூன்றின் சராசரியை எடுத்தார். ஆயுளை ஒரு வயதிலிருந்து கணக்கிட்டதற்கும் காரணம் உண்டு: பிறந்ததிலிருந்து கணக்கிட்டால் குழந்தை இறப்பு இரண்டு முறை சேர்ந்துவிடும். 1979-இல் நூலாக வந்த இந்த அளவுகோலுக்கு வாழ்க்கையின் பௌதிகத் தரக் குறியீடு என்று பெயர்.

அந்தப் பட்டியலில் இந்தியாவையும் இலங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாட்டிலும் அன்றைய தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 200 டாலருக்குக் கீழேதான். ஆனால் இலங்கையின் மதிப்பெண் 80-ஐத் தாண்டியது. இந்தியா 50-ஐக்கூடத் தொடவில்லை. வருமானத்தில் ஒரே படியில் நின்ற இரண்டு அண்டை நாடுகளில், ஒன்றில் குழந்தைகள் பிழைத்தார்கள், பள்ளிக்குப் போனார்கள். மற்றதில் லட்சக்கணக்கில் இறந்தார்கள்.

இலங்கை அதைச் சாதித்தது எப்படி? 1931-இலேயே அங்கு ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. 1942-இல் போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, போர் முடிந்த பின்பும் தொடர்ந்தது. 1945-இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த சீர்திருத்தத்தால் கல்வி பல்கலைக்கழகம் வரை இலவசமாயிற்று. 1946-இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம், அடுத்த ஒரே ஆண்டில் 14 ஆகக் குறைந்தது. மலேரியாக் கொசுவை ஒழிக்க டிடிடி தெளித்தது அதற்கு ஒரு காரணம். கிராமந்தோறும் சென்ற மருத்துவமும் மருத்துவிச்சிகளும் இன்னொரு காரணம்.

இவற்றைக் கட்டிக்காத்தது மக்களின் கையிலிருந்த அரசியல் பலம். 1953-இல் பங்கீட்டுக் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 அன்று தீவெங்கும் ஹர்த்தால் வெடித்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். சோற்றில் கைவைத்தால் நாற்காலி போகும் என்ற பாடத்தை அடுத்து வந்த ஆட்சிகள் நெடுநாள் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பலம் எல்லோரிடமும் இருக்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. வாக்குரிமையும் அதோடு போயிற்று. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து தமிழ் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்குச் சென்றார்கள். 1952-இல் தோட்டத் தொழிலாளர்களின் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், அந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேர் யாருக்கு என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை.

1945-இன் கல்விச் சீர்திருத்தமும் தோட்டத்து லயன்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, எட்டவில்லை. தோட்டப் பள்ளிகள் நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். அதே எழுபதுகளின் நடுவில் உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, மழை பொய்த்தது, அரசு பங்கீட்டைச் சுருக்கியது. கிராமத்தாருக்குக் கொஞ்சம் வயலோ, மரவள்ளி நட ஒரு துண்டு நிலமோ இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குக் கைப்பிடி மண்கூடச் சொந்தமில்லை. கோதுமை மா கிடைக்காவிட்டால் அன்று ரொட்டி இல்லை. பட்டினி லயன்களுக்குள் புகுந்தது. 1974-இல் தோட்டங்களின் குழந்தை இறப்பு வீதம் நாட்டுச் சராசரியைப் போல இரு மடங்குக்கும் மேல் போயிற்று.

ஏழை நாடுகளுக்கு முன்மாதிரி என்று இலங்கையை உலகம் பாராட்டிய அதே பத்தாண்டில்தான் இது நடந்தது. 80-க்கு மேற்பட்ட அந்த மதிப்பெண் பொய்யில்லை. தோட்டத்துக் குழந்தைகளின் சாவும் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருந்தது. இறப்புக் கணக்கில் இடம்பெற்ற மக்கள் வாக்காளர் பட்டியலில் இடம்பெறவில்லை. எண்ணிக்கையில் சிறியவர்கள் என்பதால் அவர்களின் துயரம் சராசரியை அவ்வளவாக அசைக்கவில்லை. நாட்டுச் சராசரியைப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது இவர்களைத்தான்.

மோரிஸின் குறியீடு நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1990-இல் பாகிஸ்தானின் முன்னாள் நிதியமைச்சர் மஹ்பூப் உல் ஹக், ஐநா வளர்ச்சித் திட்டத்தின் வழியாக மனித மேம்பாட்டுக் குறியீட்டை வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர் அமர்த்தியா சென் அவருக்குத் துணை நின்றார். பலவிதமான மனித வாழ்வை ஒற்றை எண்ணில் அடைப்பதில் சென்னுக்கு முதலில் உடன்பாடில்லை. வருமானம் என்ற ஒற்றை எண்ணை வீழ்த்த இன்னொரு ஒற்றை எண்தான் வேண்டும் என்று ஹக் வாதாடினார். ஹக் சொன்னதே நடந்தது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் இணைத்த அந்தப் பட்டியல் வெளியாகும் நாளில் இன்றும் அமைச்சர்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2010-இல் கணக்கிடும் முறை மாறியது. முன்பு மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். இப்போது மூன்றையும் பெருக்கி அதன் கனமூலத்தை எடுக்கிறார்கள். ஒரு நாடு ஆயுளில் 0.9, வருமானத்தில் 0.9, கல்வியில் 0.3 வாங்கினால், பழைய முறையில் 0.7 கிடைக்கும், புதிய முறையில் சுமார் 0.62-தான். பணத்தைக் காட்டிக் கல்வியின் ஓட்டையை அடைப்பது கடினமாயிற்று. அதே ஆண்டில் ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்க்கும் குறியீடும் வந்தது. 2023-ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் மதிப்பு 0.685, ஏற்றத்தாழ்வைக் கழித்தால் அதில் சுமார் 30 சதவீதம் கரைந்துவிடுகிறது.

இத்தனை திருத்தத்துக்குப் பிறகும் குறியீடு மெதுவாகத்தான் அசையும். 2022-இல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் திவாலானது. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள், மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தது. அப்போதும் இலங்கை உயர் மனித மேம்பாட்டு நாடுகளின் வரிசையிலேயே இருந்தது. பள்ளியில் படித்த ஆண்டுகள் ஒரு நெருக்கடியால் குறைந்துவிடாது; ஆயுளும் பொதுவாக ஓராண்டில் சரிந்துவிடாது. நேற்றைய தலைமுறைகள் சேர்த்துவைத்ததையே அந்த எண் பெரும்பாலும் சொல்கிறது.

மலையகம் இன்று எப்படி இருக்கிறது? குடியுரிமை திரும்பக் கிடைத்தது, வாக்கு கிடைத்தது, பள்ளிகள் வந்தன; குழந்தை இறப்பும் பெரிதும் குறைந்தது. ஆயினும் 2016-இல் இலங்கை அரசு நடத்திய மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வைப் புரட்டினால் மனம் கனக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் எட்டாதவர்கள் நாட்டளவில் சுமார் 17 சதவீதம். தோட்டங்களில் சுமார் 32 சதவீதம். நல்ல வேளையாக அந்த ஆய்வு நகரம், கிராமம், தோட்டம் என்று தனித்தனியே கணக்கெடுக்கிறது. அப்படிப் பிரித்திருக்காவிட்டால் இந்தக் குழந்தைகளின் பசி 17 என்ற எண்ணுக்குள் கரைந்து போயிருக்கும்.

ஆகவே எந்தக் குறியீட்டையும் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். வருமானத்தை மட்டும் பார்த்திருந்தால் இலங்கையின் சாதனையே நம் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் ஒவ்வொரு நாட்டு எண்ணையும் பிரித்துக் கேட்க வேண்டும்: எந்த மாவட்டம், எந்தச் சமூகம், ஆணா பெண்ணா, நிலம் உள்ளவரா இல்லாதவரா? பிரித்து வெளியிட மறுக்கும் அரசிடம் அதைக் கேட்டு வாங்குவது குடிமக்களின் உரிமை. அரிசி விலைக்காகத் தெருவில் இறங்கி ஒரு பிரதமரைப் பதவியிறக்கிய நாட்டில், வாக்கில்லாதவர்களின் பிள்ளைகள்தான் பட்டினியில் அதிகம் இறந்தார்கள். வாழ்க்கைத்தரத்தை அளக்கும் எவரும், அந்த மக்களுக்குத் தங்கள் அரசைத் தட்டிக் கேட்கும் பலம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: அடுப்பில் எரிவது விறகா எரிவாயுவா, வீட்டில் கழிப்பறை உண்டா? பத்துக் கேள்விகளால் வறுமையை அளக்கும் முறை.)