ஆணையிட முடியாத அதிகாரி

கடைக்குப் பூட்டுப் போடுவது வணிகரின் பொறுப்பு. கடைத்தெருவுக்குக் காவல் போடுவது அரசின் பொறுப்பு. நம் தந்தையர் காலத்துக் கணக்கு இவ்வளவுதான். இரவு கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மிச்சத்தைக் கூர்க்காவும் ரோந்துப் போலீசும் பார்த்துக் கொண்டார்கள். இன்று அந்தக் கணக்கு செல்லாது. பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. வரவு செலவு செல்போனுக்குள் போய்விட்டது. திருடன் ஓட்டைப் பிரித்து இறங்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்தபடியே நம் கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டு, "பணம் கட்டினால் திறந்துவிடுகிறேன்" என்கிறான்.

இந்தப் புதுத் திருட்டுக்குக் காவல் யார்? அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. அதன் மண்டல அலுவலகத்துக்குத் தலைவராக இருப்பவரின் வேலையைப் பற்றி நம் சங்க உறுப்பினர்கள் அறிந்துகொள்வது நல்லது என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம். அந்தப் பதவியில் ஒரு விசித்திரம் உண்டு. நாட்டின் மின்சாரம், குடிநீர், எண்ணெய், உணவுக் கிடங்கு அனைத்தின் பாதுகாப்பும் அவர் கவலை. ஆனால், அவற்றின் உரிமையாளர்களுக்கு அவர் உத்தரவு போட முடியாது.

பத்து மண்டலங்கள்

2018 நவம்பர் 16 அன்று கையெழுத்தான ஒரு சட்டத்தின்படி, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இணைய மற்றும் உள்கட்டமைப்புப் பாதுகாப்பு முகமை உருவாயிற்று. சுருக்கமாக அதைச் 'சிசா' என்கிறார்கள். நாடு நடப்பதற்கு இன்றியமையாதவை என்று 16 துறைகளை அந்நாட்டு அரசு வகுத்து வைத்திருக்கிறது. மின்சாரம், குடிநீர், வங்கி, மருத்துவமனை, போக்குவரத்து முதலியவற்றோடு உணவும் வேளாண்மையும் அதில் ஒரு துறை. அங்காடி வளாகங்களும் மக்கள் கூடும் வணிக இடங்களும் இன்னொரு துறை. ஆகவே வணிகர்களாகிய நாமும் அந்தப் பட்டியலுக்குள் வருகிற இனம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாடு முழுவதையும் பத்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பாஸ்டன், பிலடெல்பியா, அட்லாண்டா, சிகாகோ, சியாட்டில் என்று ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பெருநகரம். ஒன்பதாம் மண்டலம் கலிபோர்னியாவில் தொடங்கிப் பசிபிக் கடல் நடுவே குவாம் தீவு வரைக்கும் போகிறது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் இயக்குநர். அவருக்குக் கீழே இரண்டு வகை ஆலோசகர்கள் முக்கியமானவர்கள். ஒரு வகையினர் கதவு, மதில், கேமரா, காவலாளி ஆகியவற்றைப் பார்க்கிறவர்கள். மற்ற வகையினர் கம்ப்யூட்டரையும் அதன் இணைப்புகளையும் பார்க்கிறவர்கள்.

இவர்கள் ஒரு நிறுவனத்துக்குப் போய், எங்கே ஓட்டை, எங்கே பலவீனம் என்று பார்த்துச் சொல்கிறார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. வெள்ளமோ புயலோ வந்தால் எந்தக் கடை, எந்தப் பெட்ரோல் நிலையம் முதலில் திறக்க வேண்டும் என்று மாநில அதிகாரிகளுடன் கலந்து பேசுவதிலும் இவர்களுக்குப் பங்குண்டு. சில்லறைக் கடைக்காரர்களையும் இவர்கள் தேடிப் போகிறார்கள். வெடிபொருள் செய்ய உதவும் ரசாயனங்களை விற்கும் உரக்கடை, ஹார்டுவேர் கடை போன்றவற்றுக்காக 2022இல் எப்.பி.ஐ.யுடன் சேர்ந்து ஒரு விழிப்புணர்வுத் திட்டம் நடத்தினார்கள். அளவுக்கு மிஞ்சி வாங்குகிறவன், எதற்கென்று கேட்டால் மழுப்புகிறவன் ஆகியோரை முதலில் காண்பது கடைக்காரரின் கண்தான் என்பதே அதன் அடிப்படை.

கோலில்லாத காவல்

இத்தனை வேலையும் செய்கிற அந்த அலுவலகம், "இந்தப் பூட்டைப் போடு" என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆலோசனை கேட்பதும் கேட்காததும் உரிமையாளர் விருப்பம். ஒரு துறையில் மட்டும் கையில் கோல் இருந்தது. ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலைகளை ஆய்வு செய்யும் அதிகாரம் 2007 முதல் நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டம் 2023 ஜூலை 28 அன்று புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. அன்றிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் ஆலோசனை சொல்ல மட்டுமே வர முடிந்தது.

அப்படியானால் இந்தப் பதவியின் பலம் எதில் இருக்கிறது? பழக்கத்தில் இருக்கிறது. மண்டிக்காரர்களாகிய நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. வசூலுக்குப் போகும்போது மட்டும் முகம் காட்டுகிற வியாபாரிக்குப் பணம் சுலபத்தில் வராது. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போய் வருகிறவருக்குத் தாமதமானாலும் வந்து சேரும். மண்டல இயக்குநரின் முழு வேலையும் அந்தப் போய் வருதல்தான். ஆபத்து வருவதற்கு முன்பே, ஊருக்கு ஊர் குடிநீர் வாரியக்காரரையும் மின்நிலைய மேலாளரையும் கிடங்கு முதலாளியையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அவர் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது.

சொல்லப்படாத சேதி

2021 மே 7 அன்று கலோனியல் பைப்லைன் என்னும் எண்ணெய்க் குழாய் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களைப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று பூட்டியது. 5,500 மைல் நீளக் குழாய் அது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதம் அதன் வழியாகப் போகிறது. நிறுவனம் குழாயையே நிறுத்திவிட்டது. மே 12ஆம் தேதிதான் மீண்டும் ஓடத் தொடங்கியது. இடையில் பெட்ரோலுக்கு வரிசை. பல நிலையங்களில் இருப்புத் தீர்ந்தது. பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் பிடிக்காதீர்கள் என்று அரசு எச்சரிக்கும் நிலை. கும்பலுக்கு நிறுவனம் கட்டிய தொகை 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். அதில் ஒரு பகுதியை அரசு பின்னர் மீட்டது. திருடன் நுழைந்த வழி எது தெரியுமா? பயன்பாட்டில் இல்லாத பழைய இணைப்பு ஒன்று. அதற்கு ஒரே ஒரு கடவுச்சொல்தான் காவல். இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. பழைய கொல்லைப்புறக் கதவை அடைக்க மறந்த கதை.

ஆனால், நம் கவனத்துக்குரியது வேறொன்று. சிசாவின் அப்போதைய பொறுப்புத் தலைவர் பிராண்டன் வேல்ஸ் சில நாட்களில் செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். அந்த நிறுவனம் தங்களை நேரடியாக அழைக்கவில்லை என்றும், எப்.பி.ஐ. வழியாகத்தான் சேதி வந்தது என்றும் கூறினார். அந்த நிறுவனத்தின் தலைமையகம் அட்லாண்டா நகரின் புறநகர்ப் பகுதியில் இருக்கிறது. நான்காம் மண்டலத்தின் தலைநகரும் அட்லாண்டாதான். தூரம் கூப்பிடு தூரம், கூப்பிடத்தான் தோன்றவில்லை.

இதற்கு அடுத்த ஆண்டு, 2022 மார்ச்சில், முக்கியத் துறைகளில் உள்ளவர்கள் பெரிய தாக்குதலை 72 மணி நேரத்திலும், பணம் கட்டியதை 24 மணி நேரத்திலும் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அதற்கான விதிகளை எழுதி முடிக்கும் வேலையோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. சட்டம் சேதியை வாங்கித் தரலாம்; நேரத்தில் வாங்கித் தருவது பழக்கம்தான்.

சிறியவர் என்றால் தப்புமா?

"நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள்" என்று நினைப்பவர்கள் பென்சில்வேனியா மாநிலத்தின் அலிக்விப்பா என்ற சிற்றூரைப் பார்க்க வேண்டும். 2023 நவம்பர் 25 அன்று அவ்வூர்க் குடிநீர் வாரியத்தின் அழுத்த நிலையம் ஒன்றில் இருந்த கட்டுப்பாட்டுக் கருவியை ஈரான் சார்புக் கும்பல் ஒன்று கைப்பற்றியது. கருவி இஸ்ரேல் நாட்டுத் தயாரிப்பு என்பதே காரணம். ஊழியர்கள் கையால் இயக்கிச் சமாளித்ததால் குடிநீருக்குக் கேடு வரவில்லை. அந்த வகைக் கருவிகள் தயாரிப்பாளர் வைத்த '1111' என்ற கடவுச்சொல்லுடனேயே பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்ததைச் சிசா எச்சரிக்கை அறிக்கையில் வெளியிட்டது. புதுப் பூட்டோடு வந்த சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டதற்கு ஒப்பானது இது.

மொத்த வியாபாரிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் யுனைடெட் நேச்சுரல் புட்ஸ். 30,000க்கும் மேற்பட்ட இடங்களுக்கு மளிகைச் சரக்கு அனுப்பும் நிறுவனம் அது. 2025 ஜூன் 5 அன்று யாரோ உள்ளே புகுந்திருப்பதைக் கண்டு தன் கம்ப்யூட்டர்களை நிறுத்தியது. கிடங்கில் சரக்கு இருந்தது, வண்டி இருந்தது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற சீட்டு வரவில்லை. சில்லறைக் கடைகளில் அலமாரிகள் காலியாயின. விற்பனை இழப்பு 35 கோடி முதல் 40 கோடி டாலர் வரை இருக்கும் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. கல்லாவில் ஒரு காசு திருடுபோகாமலே வந்த நஷ்டம் இது.

மறைப்பதன் விலை

அடிபட்ட வியாபாரி ஏன் வாய் திறப்பதில்லை? நமக்குத் தெரிந்த ஒரு கடைத்தெருவில் நடந்ததைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு கடையின் பில் போடும் கம்ப்யூட்டர் இப்படிப் பூட்டப்பட்டது. கடைக்காரர் "மெஷின் ரிப்பேர்" என்று ஒரு வாரம் சொல்லிச் சமாளித்தார். வெளியே தெரிந்தால் கொள்முதல் செய்யும் இடத்தில் கடன் நிற்கும், வங்கியில் கேள்வி வரும் என்ற பயம். அதே ஆள் அதே கடவுச்சொல்லை வைத்து அமைத்துக் கொடுத்த இன்னும் இரண்டு கடைகளும் அந்த வாரத்திலேயே அடிபட்டன. முதலாமவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மற்ற இருவரும் தப்பியிருப்பார்கள். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. நாணயம்தான் வியாபாரியின் முதல். அதற்குப் பங்கம் வரும் என்று நினைக்கிறவன் மறைக்கத்தான் செய்வான்.

ஆகவே, சேதி கேட்கிற அதிகாரி முதலில் அந்தப் பயத்தைப் போக்க வேண்டும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு வழி செய்தது. தனியார் தாமாக முன்வந்து தரும் பாதுகாப்புத் தகவலை, உரிய முறைப்படி ஒப்படைத்தால், வெளியாரிடம் கொடுக்கலாகாது. அதைக் கொண்டே அவர் மீது நடவடிக்கை எடுக்கலாகாது. இந்த உறுதி இல்லாமல் மண்டல இயக்குநர் எத்தனை கதவைத் தட்டினாலும் திறக்காது.

சேதி வந்தால் பலன் உண்டா? உண்டு. திருடன் உள்ளே நுழைந்து, பூட்டுப் போடுவதற்குச் சில மணி நேரமோ சில நாட்களோ இடைவெளி இருக்கும். அதற்குள் துப்புக் கிடைத்தால், மண்டல ஊழியர் அந்த நிறுவனத்தைத் தேடிப் பிடித்து எச்சரிக்கிறார். 2023இல் மட்டும் இப்படி 1,200க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் போயின. முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் "உங்கள் கம்ப்யூட்டரில் திருடன் இருக்கிறான்" என்றால், அவரையே மோசடிக்காரர் என்று நினைப்பது இயல்பு. பழகிய குரல் என்றால் உடனே நம்பி வேலையில் இறங்கலாம். 2025இல் ஆட்குறைப்பின் காரணமாக அந்த முகமையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் வெளியேறினார்கள். சம்பளம் மிச்சம் என்று கணக்கில் எழுதலாம். பல ஆண்டுகளாகச் சேர்த்த பழக்கம் போனதை எந்தப் பத்தியில் எழுதுவது?

நமக்கு என்ன?

கடல் கடந்த கதை என்று தள்ளிவிட முடியாது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைன் நாட்டு வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய தாக்குதல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. மும்பையை அடுத்த ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனம் நடத்தும் முனையமும் நின்றது. எங்கோ ஒரு கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் விழுந்த பொறி நம் கரையில் பெட்டிகளைத் தேங்க வைத்தது.

நம் நாட்டில் இதற்கான அமைப்பு செர்ட்-இன். 2022 ஏப்ரலில் அது பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய தாக்குதல்களை நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பண மோசடி என்றால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் கை மாறுகிற மணி.

நம் அளவில் செய்யக்கூடியவை பெரிய செலவல்ல. கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுக. கணக்குகளின் நகலைத் தனியே எடுத்து, கம்ப்யூட்டரோடு இணைக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுக. கம்ப்யூட்டர் ஒரு வாரம் நின்றாலும் பில்புத்தகத்தில் எழுதி வியாபாரம் நடத்த ஊழியருக்குப் பழக்கம் இருக்கட்டும்.

இவற்றோடு, ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் மாவட்ட சைபர் குற்றப்பிரிவு அதிகாரியை ஆண்டுக்கு ஒரு முறையாவது மாதாந்திரக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். புகார் கொடுக்க அல்ல, முகம் பழக. அடிபட்ட உறுப்பினர் பெயர் வெளிவராமல் சேதியை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்ல, சங்கச் செயலாளர் ஒருவரே போதும். அவருக்கும் யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. உறுப்பினர்கள் அவரிடம் வந்து சொல்கிறார்களா என்பதே கேள்வி.