வேலிக்கு அப்பால்: குப்பை, துப்புரவு, நாம்

‘சுத்தம்’ என்பதை நாம் ஒரு மனிதரின் குணமாகவோ ஒரு குடும்பத்தின் பெருமையாகவோ மட்டுமே பேசிப் பழகியிருக்கிறோம். உண்மையில் அது முதலில் இடம் பற்றிய ஓர் ஏற்பாடு. எது எங்கிருந்து அகற்றப்படுகிறது, எங்கே கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது, இடையில் யாருடைய கை அதைத் தொடுகிறது ஆகிய மூன்று கேள்விகளையும் கேட்காமல் ஒரு வளவைச் சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. இக்கேள்விகளை நான் வாழும் ஸ்ரௌவ்வில் நகரத்தை வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன்.

2001இல் இந்நகரின் சனத்தொகை 22 ஆயிரம். 2021இல் ஏறத்தாழ 50 ஆயிரம். ஸ்காபரோவின் அடுக்குமாடிகளிலிருந்து மார்க்கத்திற்கும், அங்கிருந்து இங்குமாக நகர்ந்த எம்மவரும் இதில் அடக்கம். அடுக்குமாடியில் குப்பை ஒரு துவாரத்தின் வழியே கீழே போய்விடும். அத்துடன் எமது பொறுப்பு முடிந்தது. தனிவீட்டிலோ பச்சைத் தொட்டி, நீலப்பெட்டி, கறுப்புப் பை என மூன்றாகப் பிரித்துத் தெருவோரம் வைக்க வேண்டும். பலருக்கு இது நகரசபையின் தொந்தரவாகத் தெரிகிறது. அவை ஒவ்வொன்றும் எங்கே போகின்றன என்று பார்ப்போம்.

கறுப்புப் பை எரிக்கப்படுகிறது. டர்ஹம், யோர்க் பிராந்தியங்களுக்காகக் கோர்ற்றிஸில் கட்டப்பட்ட எரியுலை 2016இல் முறைப்படி இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 1,40,000 தொன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கக்கூடியது. எரித்தால் எல்லாம் இல்லாமற் போகும் என்பது தவறு. இத்தகைய உலைகளில் நிறையில் ஏறத்தாழக் கால்வாசி சாம்பலாக மிஞ்சும்; அதையும் எங்காவது புதைத்தாக வேண்டும். தொடங்கிய அதே ஆண்டிலேயே ஒரு கொதிகலனின் புகைபோக்கிச் சோதனையில் டயொக்சின் வரம்பை மீறியதால் அக்கொதிகலன் நிறுத்தப்பட்டது. அந்தப் புகைபோக்கி நிற்பது எமது தெருவில் அல்ல.

நீலப்பெட்டி பற்றி எனக்குச் சொந்த அக்கறை உண்டு. ஒருகாலத்தில் விரிவுரை மண்டபத்தில் நின்ற நான் இப்போது உணவுத்தட்டுகள் செய்யும் பிளாஸ்ரிக் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்கிறேன். கறுப்புத் தட்டுக்கு நிறம் தருவது காபன் தூள். மீள்சுழற்சி ஆலைகளில் பிளாஸ்ரிக் வகைகளை இனங்காணும் கருவி அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சித் திரும்பிவரும் ஒளியைப் படிக்கிறது. காபன் அவ்வொளியை விழுங்கிவிடுவதால், சாதாரண கருவிக்கு அத்தட்டு கண்ணில் படுவதேயில்லை. ஆகவே பெட்டிக்குள் போட்டதெல்லாம் மீள்சுழற்சி ஆகிவிடும் என்று நம்புவதற்கில்லை. ஒன்ராறியோவில் 2023 யூலை தொடக்கம் 2025 இறுதிவரை நீலப்பெட்டியின் பொறுப்பு நகரசபைகளிடமிருந்து உற்பத்தியாளரிடம் படிப்படியாக மாற்றப்பட்டது. பொருளைச் செய்து விற்பவனே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்ற கொள்கை சரியானது. அது தட்டின் வடிவமைப்பை மாற்றுமா, விலையை மட்டும் கூட்டுமா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும்.

பச்சைத் தொட்டியே மூன்றிலும் நேர்மையானது. சோறு, தோல், கோது எல்லாம் காற்றுப் புகாத குப்பைமேட்டில் புதைந்தால் மெதேன் வாயுவாகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தனியே சேர்த்தால் உரமாகவோ எரிவாயுவாகவோ மாறும்.

இதில் எமக்குப் புதிது எதுவுமில்லை. யாழ்ப்பாணத்தில் முற்றம் கூட்டிய சருகு எருக்கும்பிக்குப் போனது; கழுநீர் வாழையடிக்குப் போனது; பூவரசங்குழை தோட்டத்தில் தாழ்க்கப்பட்டது. உக்குவதால் குப்பைக்குப் பயன் இருந்தது. உக்காத பொருள் வந்ததும் அந்த ஒழுங்கு குலைந்தது.

ஆனால் பழைய ஒழுங்கைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் அது அரைவாசி உண்மைதான். யாழ் நகரின் வாளிக் கக்கூசுகளைச் சுமந்தவர்கள் காலனிய காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர். எமது வளவுகளைச் சுத்தமாக வைத்திருந்தவர்களை நாம் ‘அசுத்தமானவர்கள்’ என்று தள்ளி வைத்தோம். எமது சுத்தத்திற்கு வேலியும் தேவைப்பட்டது, வேலிக்கு அப்பால் நிற்க ஒரு சாதியும் தேவைப்பட்டது.

கனடாவில் அந்தச் சாதியின் இடத்தைத் தூரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மேப்பிளில் இருந்த கீல் வலி குப்பைமேடு 2002 இறுதியில் மூடப்பட்டதும், 2010 இறுதிவரை ரொறன்ரோவின் குப்பை மிச்சிக்கனுக்குப் போனது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பாரவூர்திகள். இப்போது அது லண்டன் நகருக்கருகே, 2007இல் ரொறன்ரோ வாங்கிய கிறீன் லேன் மேட்டுக்குப் போகிறது. அதற்கு அயலில் வாழ்பவர்கள் ஒனைடா பூர்வகுடி மக்கள். 2013-14இல் மீள்சுழற்சிப் பிளாஸ்ரிக் என்ற பெயரில் கனடாவிலிருந்து பிலிப்பைன்ஸ் போன கொள்கலன்களில் வீட்டுக் குப்பையும் கிடந்தது. 2019இல் 69 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 சித்திரைப் புத்தாண்டன்று குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். யாருடைய வீட்டின்மேல் மேடு சரியும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது வறுமை.

தூரமும் நிரந்தரக் காவல் அல்ல. இதே ஸ்ரௌவ்வில்லில், நிலத்தடி நீரைத் தாங்கும் ஓக் றிட்ஜஸ் மேட்டுநிலத்தில், 1960களில் திரவ ஆலைக்கழிவுகள் கொட்டப்பட்டன. கிணற்று நீர் பற்றி அஞ்சிய மக்கள் போராடினர். அக்குப்பைமேடு 1983இல் மூடப்பட்டது. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. மணல்மேடானாலும் சுண்ணக்கல்லானாலும் நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். முதலாளித்துவம் உற்பத்தி செய்யும் கழிவுக்குத் தனிமனிதனிடம் பெட்டி பிரிக்கச் சொல்வது ஏமாற்று என்பார்கள் நண்பர்கள். உற்பத்தியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் தரம்பிரிக்கும் பட்டியில் கையுறையுடன் நிற்பவரும் ஒரு தொழிலாளிதான். நாம் கழுவாமல் போட்ட கறிப்பாத்திரமும், வீட்டுக் குப்பையில் மறைந்த லிதியம் மின்கலமும் போய்ச் சேர்வது முதலாளியின் மேசைக்கல்ல, அவரது கைக்கு. அம்மின்கலம் நசுங்கினால் வண்டியே தீப்பற்றும்.

ஆகவே சில சிறு காரியங்கள். மீன் செவுளையும் நண்டுக்கோதையும் உறைபெட்டியில் வைத்து, வண்டி வரும் காலையில் பச்சைத் தொட்டியில் இட்டால் நாற்றமும் இல்லை, ரக்கூனும் வராது. பொரித்த எண்ணெயைத் தொட்டியடியில் ஊற்றக்கூடாது. குழாயில் உறைந்து அடைக்கும், சிறிதளவானால் கடதாசியில் ஒற்றிப் பச்சைத் தொட்டியில் இடலாம். மின்கலம், வர்ணம், பூச்சிமருந்து ஆகியவற்றை அவற்றுக்கான சேகரிப்பு நிலையத்தில் கொடுக்க வேண்டும். கொள்கலன்களை ஒருமுறை அலசுவது போதும்.

இவை புரட்சியல்ல. எமது கழிவைத் தொடப்போகும் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வது மட்டுமே. ஊரில் அதைக்கூட நாம் செய்யவில்லை. புலம்பெயர்ந்த எமது சங்கங்கள் மரபையும் பண்பாட்டையும் பற்றி நடத்தும் விவாதங்களில், எமது குப்பையை அள்ளியவர்களின் வரலாற்றுக்கும் ஓர் இடம் கிடைக்குமா? வாசகர்கள் தொடர வேண்டும்.