வெளியே போய்... மறுபடி உள்ளே வாங்க!

1985-ம் வருஷத்தின் நடுப்பகுதி. கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா என்ற ஊர். ஓர் ஆபீஸ் அறைக்குள் இரண்டு பெரிய மனிதர்கள். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார். தூரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா. அங்கே ஜயன்ட் வீல் தன் பாட்டுக்குச் சுற்றிக் கொண்டிருக்கிறது.

பார்த்தவர் ஆண்ட்ரூ குரோவ், இன்டெல் கம்பெனியின் பிரசிடென்ட். எதிரே இருந்தவர் சேர்மன் கோர்டன் மூர். 1968-ல் அந்தக் கம்பெனியை ஆரம்பித்த இருவரில் ஒருவர். கம்பெனியோ நாளுக்கு நாள் கரைந்து கொண்டிருந்தது. பேசிப் பேசி இருவருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம்.

குரோவ் திடீரென்று திரும்பி ஒரு கேள்வி கேட்டார். போர்டு நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதுசாக ஓர் ஆளைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தால், அந்த ஆள் என்ன செய்வார்?

மூர் யோசிக்கவே இல்லை. மெமரி சிப் தொழிலை விட்டு விலகிவிடுவார் என்று சொல்லிவிட்டார்.

குரோவுக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் கேட்டார்: அப்படியானால் நாமே அந்தக் கதவைத் தாண்டி வெளியே போய்விட்டு, திரும்ப உள்ளே வந்து, அதைச் செய்தால் என்ன?

1996-ல் வந்த தன் புத்தகத்தில் குரோவே எழுதிய சம்பவம் இது. மானேஜ்மென்ட் வகுப்புகளில் இதை அரைத்து மாவாக்கியிருக்கிறார்கள். ஆனால் பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சினிமாவில் தாலி கட்டியதும் 'வணக்கம்' கார்டு போடுகிற மாதிரி! அசல் கஷ்டம் அதற்கு அப்புறம்தானே சார் ஆரம்பிக்கும்?

முதலில் கொஞ்சம் பழைய கதை. இன்டெல் என்றாலே மெமரிதான். 1970-ல் அவர்கள் கொண்டுவந்த '1103' என்ற மெமரி சிப்தான் கம்பெனிக்குப் பேரும் பணமும் வாங்கிக் கொடுத்தது. அப்புறம் வந்தார்கள் ஜப்பான்காரர்கள். 1980-ல் ஹியூலெட் பக்கார்டு கம்பெனிக்காரர்கள், தாங்கள் வாங்கும் சிப்களைச் சோதித்துப் பார்த்து ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள்: அமெரிக்கச் சரக்கைவிட ஜப்பான் சரக்கில் பழுது எவ்வளவோ குறைவு. கேட்ட இன்டெல்காரர்கள் முதலில் என்ன செய்தார்கள்? அந்தக் கணக்கே தப்பு என்று சண்டை போட்டார்கள். (மார்க் குறைந்தால் பேப்பர் திருத்தியவரைத் திட்டுவோமே, அதே ஜாதி!)

அடுத்து விலை. ஒரு ஜப்பானியக் கம்பெனி தன் விற்பனையாளர்களுக்கு அனுப்பிய குறிப்பு ஒன்று அமெரிக்கர்கள் கையில் சிக்கியது. எதிராளி சொல்லும் விலையில் 10 சதவிகிதம் குறைத்துச் சொல். அவன் இறங்கினால் நீ இன்னும் 10 சதவிகிதம் இறங்கு. ஆர்டர் கிடைக்கும்வரை விடாதே. இதுதான் அதன் சாரம். இப்படி ஒருத்தன் எதிர்க்கடை போட்டால் எவன் தாக்குப் பிடிப்பான்?

இத்தனைக்கும் இன்டெல் கையில் இன்னொரு சரக்கு தயாராக இருந்தது. மைக்ரோபிராஸஸர்! ஐ.பி.எம். கம்பெனி 1981-ல் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அதற்குள் வைத்தது இன்டெல்லின் '8088'-ஐத்தான். பக்கத்திலேயே லட்டு இருந்தும் ஏன் கை நீளவில்லை? கம்பெனிக்குள் இரண்டு நம்பிக்கைகள் வேதவாக்காக இருந்தன. மெமரி செய்தால்தான் தொழில்நுட்பம் வளரும் என்பது ஒன்று. எல்லாச் சரக்கும் வைத்திருந்தால்தான் வாடிக்கையாளர் நம்மிடம் வருவார் என்பது இன்னொன்று. ஒரு காலத்தில் இரண்டுமே நிஜமாக இருந்தவைதான். அதனாலேயே யாரும் திரும்பப் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

புதுசாக வரும் ஆளுக்கு இந்த வேதம் தெரியாது. 1103-ஐக் கண் விழித்து உருவாக்கிய ராத்திரிகள் அவர் நினைவில் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், அவருக்கு மெமரி பற்றிய மெமரியே கிடையாது! குரோவ் கேட்ட கேள்வியின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. ஆள் மாற வேண்டாம், அறிவு கூட வேண்டாம். பாசத்தை மட்டும் ஒரு நிமிஷம் கதவுக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும். ஹங்கேரியில் பிறந்து, 1956-ல் இருபது வயதில் நாட்டையே விட்டு ஓடிவந்த மனிதர் குரோவ். ஊரை விட முடிந்தவருக்கு ஒரு சிப்பை விட முடியவில்லை, பாருங்கள்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வேறு. இந்த இருவரும் அறைக்குள் மண்டையை உடைத்துக் கொண்டிருந்தபோது, கீழே தொழிற்சாலையில் தீர்மானம் பாதி நிறைவேறியே விட்டது! பி.காம். படித்தவர்களுக்கு காஸ்டிங் பேப்பரில் வந்த 'லிமிட்டிங் ஃபேக்டர்' ஞாபகம் இருக்கும். எது கைவசம் குறைச்சலாக இருக்கிறதோ, அதில் ஒரு யூனிட்டுக்கு எந்தச் சரக்கு அதிக லாபம் தருகிறதோ அதை முதலில் செய். இன்டெல்லின் உற்பத்தித் திட்டக்காரர்களும் ஃபைனான்ஸ்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். ஒரு சிலிக்கான் தகடு எடுத்தால் மெமரியைவிட மைக்ரோபிராஸஸரில் லாபம் அதிகம். சரி, தகட்டை அந்தப் பக்கம் தள்ளு! மேலிடத்தின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. மேலிடம் முடிவெடுத்தபோது எட்டு தொழிற்சாலைகளில் ஒன்றில் மட்டும்தான் மெமரி தயாராகிக் கொண்டிருந்தது. பேரேடு பார்த்தவர்கள் கண்ணுக்கு முதலில் தெரிந்தது, கண்ணாடி அறைக்குக் கடைசியில்தான் எட்டியது.

சரி, கதவைத் தாண்டிப் போய் வந்தாயிற்று. அடுத்த நாளே எல்லாம் முடிந்ததா? எங்கே! குரோவுக்கு அந்த முடிவை வாய்விட்டுச் சொல்லவே நாக்கு எழவில்லை. வெளியூரில் ஒரு கிளைக்குப் போனார். ராத்திரி சாப்பாட்டின்போது அங்கிருந்த மானேஜர்கள் மெமரியைப் பற்றித் துருவினார்கள். இவர் மென்று விழுங்கினார். மெமரி இல்லாத இன்டெல்லை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். எச்சிலை விழுங்கிக்கொண்டு, முடியும் என்றுதான் நினைக்கிறேன் என்றார் குரோவ். அவ்வளவுதான், சாப்பாட்டு மேஜை ரணகளம்!

மெமரிப் பிரிவின் தலைமைக்கு ஆளை மாற்றினார். புது ஆளும் கொஞ்ச நாளில், புதிய ஆராய்ச்சி வேண்டாம், ஆனால் கையில் இருப்பதை மட்டும் முடித்துவிடுகிறோமே என்றார். விற்கப் போவதில்லை என்று தீர்மானித்த சரக்குக்கு மேலும் ஆராய்ச்சி! இதற்குக் குரோவும் தலையாட்டினார். பின்னால் அவரே இதை ஒப்புக்கொண்டும் எழுதியிருக்கிறார். புத்திக்குப் புரிந்து பல மாதம் ஆகியும் மனசு அங்கேயே நின்று அடம் பிடித்திருக்கிறது.

கடைசியில் விற்பனையாளர்கள் பயந்து பயந்து வாடிக்கையாளர்களிடம் விஷயத்தைச் சொன்னார்கள். கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தால், 'இதுக்கு இவ்வளவு நாளா?' என்ற தினுசில் பதில் வந்தது!

தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. 1986-ல் கம்பெனி 17 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. மேலதிகாரி மனசு ஆறுவதற்கு எடுத்துக்கொண்ட ஒவ்வொரு மாதமும் யாரோ ஒரு தொழிலாளியின் சம்பளக் கவரிலிருந்து போனதுதான். புத்தகங்களில் இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் சுருக்கமாக இருக்கிறது.

மைக்ரோபிராஸஸர் காப்பாற்றியது. 1992-ல் உலகிலேயே பெரிய சிப் கம்பெனி என்று இன்டெல் பேர் வாங்கியது. சுபம் போடலாமா? அதுதான் இல்லை.

2007-ல் ஐபோன் வந்தது. வருவதற்கு முன்னால் அதற்குள் வைக்கும் சிப்புக்கு ஆப்பிள் கம்பெனி இன்டெல்லை அணுகியிருந்தது. அப்போது தலைவராக இருந்தவர் பால் ஒட்டெலினி. ஆப்பிள் சொன்ன விலை, இவர்கள் போட்ட உத்தேசச் செலவைவிடக் குறைவு. வேண்டாம் என்றுவிட்டார்கள். 1985-ல் காப்பாற்றிய அதே லாபக் கணக்கு இந்தத் தடவை காலை வாரியது! இந்த முறை கம்பெனியின் வேதம் மைக்ரோபிராஸஸர். போன் எல்லாம் ஒரு தொழிலா என்ற அலட்சியமும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 2024 நவம்பரில் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பட்டியலிலிருந்து இன்டெல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்விடியாவை வைத்தார்கள்.

உத்தேசச் செலவு தப்பாகப் போட்டது, போன்கள் நினைத்ததைப் போல நூறு மடங்கு விற்றன, தன் உள்மனசு அன்றைக்கே சரி சொல்லச் சொன்னது - இதையெல்லாம் ஒட்டெலினி பத்திரிகைப் பேட்டியில் மனம் திறந்து சொன்னார். சொன்ன வருஷம் 2013. அவர் ஓய்வு பெற்று வெளியே போன வருஷம்.

போனார். குரோவ் மாதிரி திரும்ப உள்ளே வருவதற்கு நாற்காலி காலியாக இல்லை.