ஜெற் செற் வில்லி: குறையோடு நிலைத்த ஒரு விளையாட்டு

வீடியோ விளையாட்டுக்கள் பல வகையின. அவற்றுள் பிளாற்போம் விளையாட்டு என்பது ஒரு தனி வகை. திரையிலே தட்டுத் தட்டாக மேடைகள் அமைந்திருக்கும். ஆடுபவரின் கட்டளைக்கு உட்பட்ட ஒரு சிற்றுருவம் அம்மேடைகளின்மீது ஓடியும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியும், எதிர்ப்படும் பகைகளுக்குத் தப்பியும் தன் இலக்கை அடைய வேண்டும். பரமபதத்திலே ஏற்றமும் இறக்கமும் தாயத்தின் வசம். இங்கோ அவை ஆடுபவரின் விரல் தேர்ச்சியின் வசம். 1981 ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய நின்ரென்டோ வெளியிட்ட "டொங்கி கொங்" என்னும் விளையாட்டு இவ்வகையை உலகெங்கும் பரப்பிற்று.

இவ்வகையிலே தோன்றியவை எண்ணில. அவற்றுட் பெரும்பாலானவை மறக்கப்பட்டன. ஆயின், 1984 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த "ஜெற் செற் வில்லி" என்னும் விளையாட்டு இன்றும் பேசப்படுகின்றது. குற்றமற்ற படைப்பு என்பதனால் அது பேசப்படவில்லை. வெளிவந்த நிலையில் அதனை முடிக்கவே இயலாதிருந்தது. முடிக்க முடியாத ஒரு விளையாட்டை மக்கள் விரும்பி வாங்கியதும், பழுதென அறிந்த பின்னும் கைவிடாதிருந்ததும் எதனால் என்பது ஆராயத் தக்கது.

முதற்கண் அது தோன்றிய சூழலை அறிதல் வேண்டும். 1982 ஆம் ஆண்டில் சின்க்ளேயர் நிறுவனம் "ஸ்பெக்ட்ரம்" என்னும் சிறிய கணினியைப் பிரித்தானியாவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. இறப்பர் விசைகள் பதித்த அக்கருவியை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இயக்குவர். விளையாட்டுக்கள் கசற் நாடாக்களில் விற்கப்பட்டன. நாடாவை ஓடவிட்டு, அதன் கீச்சொலியைச் சில நிமிடங்கள் பொறுத்திருந்தாலன்றி விளையாட்டுத் தொடங்காது. அக்கணினியின் பெரிய வகையிலும் ஆக்கப் பணிக்கு உதவும் நினைவகம் 48 கிலோபைற் மாத்திரமே. திரையிலே காணும் படமும், விளையாட்டின் விதிகளும், அறைகளின் அமைப்பும் யாவும் அச்சிறு இடத்துள் அடங்க வேண்டும். இந்த நெருக்கம் பின்னர் விளைந்த ஒரு விபரீதத்துக்குக் காரணமாயிற்று.

விளையாட்டை ஆக்கியவர் மத்தியூ சிமித். 1966 ஆம் ஆண்டிற் பிறந்த அவர், 1983 இல், பள்ளிப் பருவம் நீங்கும் வயதிலே, "மனிக் மைனர்" என்னும் விளையாட்டை ஆக்கிப் புகழ் பெற்றார். அதன் நாயகன் வில்லி என்னும் சுரங்கத் தொழிலாளி. வில்லி என்பது வில்லியம் என்னும் ஆங்கிலப் பெயரின் செல்லச் சுருக்கம். 20 குகைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வம் எய்துவதே அவன் தொழில். அதன் தொடர்ச்சியாகவே "ஜெற் செற் வில்லி" எழுந்தது. இதனை லிவர்ப்பூலைச் சேர்ந்த சொவ்ற்வெயர் புறொஜெக்ற்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஆகாய விமானமேறி ஊர்தோறும் களியாட்டம் நாடும் செல்வர் கூட்டத்தை ஆங்கிலேயர் "ஜெற் செற்" என்பர். சுரங்கத்தில் வியர்வை சிந்திய வில்லி இப்போது அக்கூட்டத்திற் சேர்ந்துவிட்டான்.

கதை எளியது. புதுப் பணக்காரனாகிய வில்லி ஒரு பெரிய மாளிகையை வாங்குகிறான். ஓர் இரவு அங்கே பெருவிருந்து. விருந்தினர் சென்றபின் வீடெங்கும் பொருள்கள் சிதறிக் கிடக்கின்றன. களைத்த வில்லி உறங்கப் போகிறான். வீட்டுக் காரியம் பார்க்கும் மரியா என்னும் பெண் படுக்கையறை வாயிலில் நின்று விரல் நீட்டி மறிக்கிறாள். சிதறியவற்றையெல்லாம் பொறுக்கி முடித்தாலன்றிப் படுக்கை இல்லை என்பது அவள் கட்டளை. அறைகள் 60, பொருள்கள் 83. அரக்கனைக் கொல்வதும் இளவரசியை மீட்பதும் அன்றைய விளையாட்டுக்களின் பொதுவான இலக்குகள். இங்கே இலக்கு வீடு கூட்டுவது! எசமானனை வேலைக்காரி ஏவுகின்ற இந்தத் தலைகீழ் நிலையிலேயே விளையாட்டின் நகைச்சுவை தொடங்கிவிடுகின்றது.

இனி, அதன் சிறப்புக்களை நோக்குவோம். முதலாவது, அது தந்த சுதந்திரம். முந்திய விளையாட்டிலே ஒரு குகையை முடித்தபின்பே அடுத்த குகை திறக்கும். இங்கோ குளியலறையில் நிற்கும் வில்லி, விரும்பிய திசையிற் செல்லலாம். மாடியேறலாம், கூரைமீது நடக்கலாம், நிலவறைக்கு இறங்கலாம், தோட்டத்தைக் கடந்து கடற்கரையில் நிற்கும் உல்லாசப் படகு வரையும் போகலாம். அடுத்த கதவின் அப்பால் என்ன இருக்கும் என்ற ஆவலே ஆடுபவரை ஈர்த்தது. தேர்ச்சி குறைந்தவரும் புதிய அறை ஒன்றைக் கண்டோம் என்ற மகிழ்ச்சியோடு எழ முடிந்தது. ஒரு கற்பனை வீட்டைத் தம் வீடுபோல் மனத்திலே வரைந்து வைத்திருந்தோர் பலர். கையால் வரைபடம் எழுதி வைத்தோரும் பலர்.

இரண்டாவது, அதன் விசித்திரக் கற்பனை. சமையலறையிலே சமையற்காரரே பகைவர். வேறிடங்களில் வாள்களும் அம்புகளும் குறுக்கே ஓடும். "கொடுங்கனவு அறை" என்று ஒன்று உண்டு. அதனுட் புகுந்த கணமே வில்லி சிறகு முளைத்த பன்றியாகி விடுவான். வெளியேறினால் மீண்டும் மனிதன். ஏன் என்று விளக்கம் எதுவும் இல்லை. ஒவ்வோர் அறைக்கும் திரையின் அடியிலே ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். சில பெயர்கள் படக்கதைகளை நினைவூட்டும். சில வெறும் கேலி. சிலவற்றின் பொருள் ஆக்கியவருக்கே வெளிச்சம். எல்லாப் பொருள்களையும் பொறுக்கி மரியாவின் அனுமதி பெற்றபின்பும் வில்லி படுக்கையில் வீழ்வதில்லை. ஓட்டமாய் ஓடிக் கழிப்பறைக் கிண்ணத்துள் தலையைப் புதைக்கின்றான்! விருந்தின் பயன் அதுவே. பல பேர் கூடி, பல முறை திருத்தி, எவர் மனமும் நோகாதபடி ஆக்கும் படைப்பிலே இத்தகைய குறும்பு எஞ்சுவதில்லை. தனி ஒருவரின் மனம் தடையின்றித் திரிந்ததன் அடையாளம் இது.

மூன்றாவது, அதன் எளிமை. இடப்புறம் நடத்தல், வலப்புறம் நடத்தல், தாவுதல் என்னும் மூன்று கட்டளைகளே ஆடுபவருக்கு உள்ளன. வில்லியின் தாவல் எப்போதும் ஒரே உயரம், ஒரே தூரம். தாவியபின் நடுவானில் திசை மாற்ற இயலாது. இதனைக் குறையெனச் சொல்வோர் உளர். ஆயினும், தாவலின் அளவு மாறாதிருப்பதனாலேயே ஆடுபவர் அதனைக் கணித்துத் தீர்மானிக்க முடிகின்றது. தவறினால் கருவியைக் குறைசொல்ல வழியில்லை.

குறைகளுக்கு வருவோம். இவற்றை இரு கூறாகப் பிரித்தல் தகும். ஒன்று அமைப்புக் குறை. மற்றொன்று தவறினால் நேர்ந்த பழுது.

அமைப்புக் குறைகளுட் கொடியது உயிர் இழக்கும் முறை. வில்லிக்குச் சில உயிர்கள் உண்டு. ஓர் உயிர் போனால், அந்த அறைக்குள் எவ்விடத்தில் எந்நிலையிற் புகுந்தானோ அந்நிலையிலேயே மீண்டும் தோன்றுவான். நடந்து புகுந்தவனுக்கு இது நியாயமே. மேலறையிலிருந்து தவறி வீழ்ந்து புகுந்தவன் கதியோ வேறு. அவன் மீண்டும் வீழ்ந்த நிலையிலேயே தோன்றுவான், மீண்டும் வீழ்ந்து இறப்பான். உயிர்கள் யாவும் தீரும்வரை ஆடுபவர் கை பிசைந்து பார்த்திருக்க வேண்டியதுதான். ஒரு சிறு தவறுக்கு முழு ஆட்டமும் தண்டம். இடையிலே ஆட்டத்தைச் சேமித்து வைக்கவும் வழியில்லை. எத்தனை பொருள் பொறுக்கியிருந்தாலும் மீண்டும் குளியலறையிலிருந்தே தொடங்க வேண்டும். கடினம் வேறு, கொடுமை வேறு. கடினம் ஆடுபவருக்குப் பாடம் கற்பிக்கும்; கொடுமை எதனையும் கற்பிப்பதில்லை.

இனிப் பழுதுகள். அவற்றுள் மிகுந்த பெயர் பெற்றது மேன்மாடப் பரண் அறையின் பழுது. அவ்வறையிலே ஓர் அம்பு பறக்கின்றது. அதன் பாதையைக் குறிக்கும் எண்ணில் ஒரு பிழை. கணினி அம்பை வரையும்போது, படத்துக்கென ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையைக் கடந்து அப்பாலும் எழுதிவிடுகின்றது. ஸ்பெக்ட்ரம் கணினியிலே படத்தின் இடத்துக்கும் மற்றத் தரவுகளின் இடத்துக்கும் நடுவே மதில் எதுவும் இல்லை. ஆகவே அம்பு, விளையாட்டின் தரவுகளையே சிதைத்துச் சென்றது. வரைபவனுடைய தூரிகை தாளின் ஓரத்தைத் தாண்டி, பக்கத்திற் கிடந்த கணக்குப் புத்தகத்தின்மீது ஓடியதற்கு ஒப்பானது இது. இதன் விளைவு பரண் அறையிலே தெரியாது. பின்னர் வேறு அறைக்குச் செல்லும்போதே தெரியும். தேவாலய அறையிலே பகைகள் மறைந்திருக்கும். வேறு சில அறைகளிலே கால் வைத்த கணமே வில்லி இறப்பான். புதிய ஆட்டம் தொடங்கினாலும் சிதைவு நீங்காது. நாடாவிலிருந்து மறுபடியும் ஏற்றினாற்றான் நீங்கும்.

இதுவன்றி வேறு மூன்று பழுதுகளும் இருந்தன. முதலாம் மாடிப்படி அறையில் இருந்த ஒரு பொருள் கண்ணுக்கே புலப்படாதது. செடிமனையின் கூரையிலிருந்த பொருளை அடையும் வழி அடைபட்டிருந்தது. ஆலமரம் என்ற பெயருடைய அறையிலும் கடக்க முடியாத ஓர் இடம் இருந்தது. ஆகவே 83 பொருள்களையும் பொறுக்குதல் எத்துணைத் திறமையாளர்க்கும் இயலாத காரியமாயிற்று.

இவ்விடத்திலே வெளியீட்டாளர் நடந்துகொண்ட முறை கவனிக்கத் தக்கது. பரண் அறையின் பழுது பற்றி முறைப்பாடுகள் எழுந்தபோது, அது பழுதன்று, விளையாட்டைக் கடினமாக்க வேண்டுமென்றே செய்தது, அவ்வறைகளில் நச்சுவாயு நிறைந்துள்ளது என்று நிறுவனம் விளக்கம் கூறிற்று. காசு கொடுத்து வாங்கியவர், தம் திறமைக் குறைவே தோல்விக்குக் காரணம் என எண்ணிப் பல மணி நேரம் முயன்றிருப்பர். படைப்பிலே தவறு நேர்தல் இயல்பு. அத்தவறை வாங்கியவரின் தவறாகக் காட்டுதல் இயல்பன்று. பின்னர் நிறுவனம் தன் கூற்றைக் கைவிட்டுத் திருத்தங்களை வெளியிட்டது.

அத்திருத்தங்கள் வந்த வழி சுவையானது. விளையாட்டை முதலில் முடிப்பவர்க்கென நிறுவனம் ஒரு போட்டி வைத்திருந்தது. அதில் வென்ற இருவர், ஆக்கத்தின் உள்ளே புகுந்து பழுதுகளைக் கண்டறிந்து, திருத்தங்களையும் நிறுவனத்துக்கு அளித்தனர். அக்காலக் கணினிகளில் "போக்" என்னும் கட்டளை உண்டு. நினைவகத்தின் ஓர் இடத்திலுள்ள எண்ணை மாற்றி வேறோர் எண்ணை வைப்பது அதன் தொழில். நான்கு போக் கட்டளைகள், அதாவது நான்கு எண்கள், மாற்றப்பட்டதும் விளையாட்டு முடிக்கக் கூடியதாயிற்று! பல்லாயிரம் எண்கள் செம்மையாய் அமைந்த ஒரு பொறியை நான்கு எண்கள் முடக்கிவைத்திருந்தன.

வாங்கியவர் பொறுத்துக்கொண்ட மற்றொரு தொல்லையும் உண்டு. திருட்டுப் பிரதிகளைத் தடுக்கும் பொருட்டு, 180 நிறக் குறியீடுகள் அச்சிட்ட ஓர் அட்டை நாடாவோடு வழங்கப்பட்டது. விளையாட்டு ஏறியதும் அவற்றுள் ஒன்றைக் கேட்கும். சரியாகச் சொன்னாற்றான் தொடங்கும். வண்ணப் பிரதி எடுத்தல் வீட்டாருக்கு அரிதாயிருந்த காலம் அது. உபாயம் நுட்பமானதே. எனினும், அட்டையைத் தொலைத்த நேர்மையாளரும், நிறங்களைப் பிரித்தறிய இயலாதவரும் திருடரோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டனர்.

இத்தனை குறைகள் இருந்தும், 1984 ஆம் ஆண்டில் பிரித்தானிய வீடுகளுக்கு மிகுதியாக விற்பனையான விளையாட்டு இதுவே. அது மட்டுமன்று. போக் கட்டளையால் பழுது நீக்கக் கற்ற ஆர்வலர், அதே வழியால் அறைகளை மாற்றவும் கற்றனர். அவ்வாண்டிலேயே பிரித்தானியச் சஞ்சிகை ஒன்று இம்மாளிகைக்குப் புதிய அறை ஒன்றைச் சேர்க்கும் எண் வரிசையை அச்சிட்டது. பின்னாளில் ஆர்வலர் தாமே அறைகளை அமைப்பதற்கான கருவிகளை ஆக்கி, வில்லிக்குப் புதுப்புது மாளிகைகள் கட்டினர். பூட்டிய கதவைத் திறக்க முயன்றவர் தச்சுத் தொழிலையே கற்றுக்கொண்டதுபோல் ஆயிற்று.

இவ்விளையாட்டின் குணமும் குற்றமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது இதனால் விளங்கும். தனியொரு இளைஞனின் கற்பனை மேற்பார்வையின்றித் திரிந்தமையால் சிறகு முளைத்த பன்றி பிறந்தது. அதே மேற்பார்வை இன்மையால் அம்பு எல்லை கடந்தது. ஆயினும், குறும்பு வேண்டுமானால் பழுதையும் பொறுக்கவேண்டும் என்று முடிவு செய்தல் பொருந்தாது. அறைகளை அமைத்தபின் வேறொருவர் பொறுமையோடு ஆடிச் சோதித்திருந்தால், நான்கு எண்களும் திருந்தியிருக்கும். கொடுங்கனவு அறையின் பன்றிக்கு ஒரு கேடும் நேர்ந்திராது. படைப்பவனுக்குச் சுதந்திரமும், படைப்புக்குச் சோதனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மக்கள் அன்று விரும்பியது அந்த மாளிகையை, அதன் பழுதையன்று. மாளிகையின்மீது கொண்ட விருப்பத்தினாலேயே பழுதையும் தம் கையாலே திருத்திக்கொண்டனர்.