பஸ் வரலேன்னா மிஷின் ஓடாது!

மேல்விஷாரம் ஷூ கம்பெனிகளில் சலுகையும் வேலையும்

மேல்விஷாரம்:

காலை 7 மணி. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம். டிபன் கேரியரும் தோள் பையுமாகப் பெண்கள் கும்பல் கும்பலாக நிற்கிறார்கள். எல்லார் கண்ணும் ஒரே பக்கம். கம்பெனி பஸ் வருதா?

வந்தால் சரி. வராவிட்டால் அன்றைக்கு எங்கோ ஒரு ஷூ கம்பெனியில் தையல் வரிசை படுத்துவிடும்.

ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது மேல்விஷாரம். 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போன ஊர். தோல்தான் இங்கே சோறு போடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் வரிசையில் இதுவும் ஒன்று.

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் டேனரி மட்டும்தான். தோலை ஊற வைப்பது, சுரண்டுவது, பதனிடுவது எல்லாமே பெரும்பாலும் ஆண்கள் வேலை. 1972-ல் சீதாராமையா கமிட்டி ஒரு யோசனை சொன்னது. பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பல் ஏற்றாதே, அதைச் செருப்பாகவும் ஷூவாகவும் செய்து அனுப்பு என்பதுதான் அது. மத்திய அரசு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. ஷூ கம்பெனிகள் பெருகின. தையல் மிஷின் முன்னால் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இன்று ஷூ கம்பெனி என்றாலே பெண்கள்தான். கிராமம் கிராமமாகப் போய் அவர்களை ஏற்றி வர பஸ், வேன்.

3 பேர் வரலே!

இந்த பஸ் தர்ம கைங்கரியம் இல்லை. கணக்குப் பார்த்தால் புரியும்.

ஒரு வரிசையில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி தோல் ஓரத்தைச் சீவுவாள். அடுத்தவள் பசை தடவி மடிப்பாள். அதற்கடுத்தவள் தைப்பாள். கை மாறிக் கை மாறிப் போனால்தான் ஷூவின் மேல்பாகம் முழுசாகும். நடுவில் 3 பேர் வரவில்லை என்றால் முன்னால் இருப்பவர்கள் செய்தது குவியும், பின்னால் இருப்பவர்கள் கை கட்டி நிற்பார்கள். 37 பேருக்குச் சம்பளம் ஓடும். சரக்கு ஓடாது. ‘ஷிப்மெண்ட்’ தேதி மட்டும் யாருக்காகவும் நிற்காது.

எனவே வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “எங்க ஊருக்கு பஸ் வருமா?” என்பதுதான். வரும் என்றால் கூலி 200, 300 குறைந்தாலும் வருவார்கள். ராத்திரி ஓவர்டைம் முடிந்து பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டுமே!

ஊசித் துளை மூடாது

துணியில் தையல் தப்பினால் பிரித்து மறுபடி தைக்கலாம். தோலில் அந்த ஜாலம் நடக்காது. ஊசி இறங்கிய துளை இறங்கியதுதான். ஒரு தப்புத் தையல் விழுந்தால் அந்தத் துண்டு வீண். ஜோடியின் இன்னொரு காலுக்கு அதே நிறம், அதே வழவழப்பில் தோல் தேட வேண்டும்.

தப்பு ஏன் விழுகிறது? கவனம் சிதறுவதால். கவனம் ஏன் சிதறுகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒடிசாவில் ஒரு சோதனை நடந்தது. நடத்திய பொருளாதார நிபுணர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து அமெரிக்கா போன செந்தில் முல்லைநாதன். இலைத் தட்டு தைக்கும் கூலித் தொழிலாளர்கள். தட்டுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரே வேலை. ஒரே ஒரு வித்தியாசம்தான்: சிலருக்கு மட்டும், உழைத்துச் சம்பாதித்த பணத்தில் ஒரு பகுதியைக் கொஞ்சம் முன்னதாகவே கையில் கொடுத்தார்கள்.

பணம் கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள்? கடனை அடைத்தார்கள். வீட்டுக்கு வேண்டியதை வாங்கிப் போட்டார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் தைத்த தட்டு 7 சதவீதம் கூடியது! வேகம் மட்டும் இல்லை. தேவையில்லாத துளை போன்ற தவறுகளும் குறைந்தன.

கூலி ஒரு பைசா கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘வட்டிக்காரன் வாசல்ல நிப்பானே’ என்ற நினைப்பு தலையை விட்டு இறங்கியது. கை தானாகச் சரியாக ஓடியது.

மேல்விஷாரம் பக்கத்து ஊர்களில் வாரத் தவணைக் குழுக் கடன் இல்லாத தெரு எது? சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பது, அவசரத்துக்கு அட்வான்ஸ் தருவது - இதற்கெல்லாம் முதலாளிக்குப் பெரிய செலவு இல்லை. ஆனாலும் 7-ம் தேதி சம்பளம் 12-ம் தேதிக்குத் தள்ளிப் போவது பல தொழில்களில் சர்வ சாதாரணம். அந்த 5 நாளில் எத்தனை துண்டு வீணாகிறது என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை.

பி.எப். பணத்துக்காக ராஜினாமா!

சலுகை இருந்தும் வேலை கெடுவது உண்டு. பி.எப். கதை அப்படித்தான்.

சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார். வயசான காலத்துக்கு நல்லது. ஆனால் பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்ட ஜூன் மாதமே பணம் வேண்டும். மொத்தமாகப் பணம் எடுக்கப் பலருக்குத் தெரிந்த ஒரே வழி, வேலையை விடுவது. நாலைந்து வருஷம் கை பழகிய தையல்காரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். பணம் வந்ததும் வேறு கம்பெனியில் புதுசாகச் சேருவாள். இங்கே அவள் இடத்தில் புதுப் பெண் உட்கார்ந்து பழகுவாள். நஷ்டம் இரண்டு பக்கமும்.

இதே நெடுஞ்சாலையின் அந்தக் கோடியில், பெங்களூரில், 2016 ஏப்ரலில் என்ன நடந்தது என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். முதலாளி போட்ட பி.எப். பங்கை 58 வயசு வரை எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆயத்த ஆடை கம்பெனிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். தலைவர் இல்லை, கொடி இல்லை. இரண்டே நாளில் அரசு விதியை வாபஸ் வாங்கியது.

2025 அக்டோபரில் பி.எப். அறங்காவலர் குழு இன்னொரு முடிவு எடுத்தது. வேலை போனதும் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம். மீதிக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். கல்வி, கல்யாணம், வைத்தியம் ஆகியவற்றுக்கு வேலையை விடாமலே பணம் எடுக்க வழி இருக்கிறது. இதை எழுதிப் போட்டுத் தரும் ஆள் கம்பெனி ஆபீசில் இருந்தால் பாதி ராஜினாமா நிற்கும்!

கிராஜுவிட்டி சமாச்சாரமும் பலருக்குத் தெரியாது. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுத்து. மாதம் 13 ஆயிரம் வாங்குகிறவள் 10 வருஷம் இருந்தால் 75 ஆயிரம் ரூபாய். 1972-ம் வருஷ சட்டப்படி 5 வருஷ சர்வீஸ் வேண்டும். பி.எப்.புக்காக நாலரை வருஷத்தில் எழுதிக் கொடுத்தவளுக்கு அது பட்டை நாமம்தான். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருஷமே போதும்.

இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 2019 ஜூலையிலிருந்து முக்கால் சதவீதம். 12 ஆயிரம் சம்பளத்துக்கு 90 ரூபாய். முதலாளி பங்கு 390. உடம்பு சரியில்லை என்று படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீத சம்பளம் உண்டு. இது தெரியாமல் ஜுரத்தோடு மிஷினில் உட்காருகிறவர்கள்தான் அதிகம்.

தூங்கினா என்ன தப்பு?

சென்னையில் நடந்த இன்னொரு ஆராய்ச்சி சுவாரசியமானது. 2021-ல் வெளிவந்தது. கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலைக்கு 452 பேரை அமர்த்தினார்கள். ராத்திரி அவர்கள் தூங்குவது சராசரி ஐந்தரை மணி நேரம். கொசு, புழுக்கம், சத்தம்! ராத்திரித் தூக்கத்தை 27 நிமிஷம் கூட்டிப் பார்த்தார்கள். வேலையில் மாற்றம் இல்லை. மத்தியானம் ஆபீசிலேயே அரை மணி நேரம் குட்டித் தூக்கம் போட விட்டார்கள். வேலை சுறுசுறுப்பானது, மனசும் தெளிந்தது. தூங்கிய நேரம் கழிந்ததும் உண்மைதான். அதையும் சொல்ல வேண்டும்.

‘கம்பெனியில தூங்க விடுவாங்களா?’ என்று சிரிக்கத் தோன்றும். சென்னையிலும் வேலூரிலும் ஜவுளிக்கடை விற்பனைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி போடவே 2021-ல் தமிழக சட்டசபை சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது!

குழந்தைகள் காப்பகமும் அப்படியே. 1948-ம் வருஷ பேக்டரி சட்டத்தில், 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று இருந்தது. புதிய தொகுப்பில் 50 தொழிலாளர்களுக்கு மேல் என்று கணக்கு. பிரசவ விடுப்பு 2017 முதல் 26 வாரம். விடுப்பு முடிந்து வருகிற தாய்க்குக் குழந்தையை விட இடம் இல்லையென்றால் அவள் திரும்பி வருவதில்லை. கை தேர்ந்த தொழிலாளி போனது போனதுதான்.

போர்டு சொன்ன பாடம்

அமெரிக்காவில் கார் முதலாளி ஹென்றி போர்டுக்கும் இதே தலைவலி. 1913-ல் 14 ஆயிரம் பேரை வேலையில் வைத்திருக்க 52 ஆயிரம் பேரை எடுக்க வேண்டியிருந்தது. வருவதும் போவதுமாக இருந்தார்கள். 1914 ஜனவரியில் தினக்கூலியை 5 டாலராக்கினார், வேலை நேரத்தை 8 மணியாகக் குறைத்தார். 1915-ல் ஆள் மாறுவது 370 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகச் சரிந்தது. அவர் மகாத்மா இல்லை; தொழிலாளி வீட்டில் குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று உளவு பார்க்கத் தனி இலாகாவே வைத்திருந்தவர். கணக்கு தெரிந்தவர், அவ்வளவுதான்.

அந்தத் தலைவலி இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் வருகிறது. பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா கார் தொழிற்சாலைக்கு அடிக்கல். அதே ஆண்டு நவம்பரில் தைவான் நாட்டு ஹாங்பூ ஷூ கம்பெனிக்கு அடிக்கல். 25 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவிப்பு. அவ்வளவு பேரும் எங்கிருந்து வருவார்கள்? இதே கிராமங்களிலிருந்துதான்.

மறுபக்கம் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஏற்றுமதிக் கம்பெனிகள் செலவைக் குறைக்க வழி தேடின. இப்படி நெருக்கடி வந்தால் முதலில் கத்தி விழுவது கேண்டீன் சாப்பாட்டிலும் வேன் டிரிப்பிலும்தான். 8.33 சதவீத போனஸ் சட்டப்படி கட்டாயம், அதில் கை வைக்க முடியாது. வேன் டிரிப்புக்குச் சட்டம் இல்லை.

சாயங்காலம் சங்கு ஊதுகிறது. பெண்கள் பஸ்சில் ஏறுகிறார்கள். ஜன்னல் ஓர சீட்டுக்குச் சண்டை, சிரிப்பு. பனப்பாக்கத்து கம்பெனிக்கு எந்த எந்த ஊருக்கு பஸ் விடப் போகிறார்கள் என்பதுதான் இப்போது பஸ்சுக்குள் பேச்சு.